உங்களுக்குத் தெரியுமா? வண்டி முதுகு சொல்லும் சேதி

அவிநாசிபாளையத்தில் கோவை–திருச்சி சாலையைத் திருப்பூர்–தாராபுரம் சாலை குறுக்கே கடக்கிறது. துணி ரோல் ஏற்றிய 407, காங்கேயத்து அரிசி மூட்டை, தேங்காய் லோடு, பனியன் கம்பெனி ஷிஃப்டுக்குப் பறக்கும் பைக், கோவைக்குப் போகும் கார் என்று எல்லாமே இங்கே கொஞ்சம் வேகம் குறைத்துத்தான் போக வேண்டும். முன்னால் நிற்கும் வண்டியின் முதுகில் இரண்டெழுத்தும் ஓர் எண்ணும் ஒட்டியிருக்கும். உதிரிபாகக் கடைக்காரர்கள் அதை மோனோகிராம் என்பார்கள்; பேட்ஜ் என்றும் சொல்வது உண்டு. அழகுக்கு ஒட்டியது என்று நினைத்து நாம் பார்வையைத் திருப்பிக்கொள்கிறோம். அந்த எழுத்துக்குள் இன்ஜின் அளவு இருக்கிறது, ஓடிய பந்தயம் இருக்கிறது, போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. சிலவற்றில் பொய்யும் இருக்கிறது. வண்டிக்குப் பணம் கொடுக்கப்போகிறவர் அதைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தத் துணுக்குகள்.

● டாடா 407-இல் இருப்பது ஓர் எண் அல்ல, இரண்டு எண்கள். முதலில் வரும் 4, சுமையோடு சேர்த்து வண்டி மொத்தம் ஏறத்தாழ 4 டன் என்கிறது. பின்னால் வரும் 07-ஐப் பத்தால் பெருக்கினால் 70. அது இன்ஜினின் குதிரைத்திறன், தோராயமாக. 1986-இல் வந்த வண்டிக்கு வைத்த கணக்கு இது.

இதே வாய்பாட்டை வைத்துக்கொண்டு சாலையில் போகும் டாடா லாரிகளைப் படித்துப் பாருங்கள். 1613 என்றால் 16 டன், 130 குதிரைத்திறன். 2515 என்றால் 25 டன், 150 குதிரைத்திறன். இப்போது ஓடும் 4825-இல் 48 டன்னுக்குச் சற்றுக் குறைவு, 250 குதிரைத்திறன். இந்தக் கணக்கு ஜெர்மனியிலிருந்து வந்தது. 1954 முதல் 1969 வரை டாடா நிறுவனம் டைம்லர்–பென்ஸுடன் கூட்டாக லாரி செய்தது. டன்னையும் குதிரைத்திறனையும் சேர்த்து எழுதுவது மெர்சிடிஸ் லாரிகளின் வழக்கம். கூட்டு முடிந்து அரை நூற்றாண்டு கடந்தும் வழக்கம் நிற்கவில்லை. எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்திலும் அதே ஜெர்மன் வாடைதான்: எல்.பி.கே. என்றிருந்தால் டிப்பர், எல்.பி.ஓ. என்றிருந்தால் பஸ் சேசிஸ், எல்.பி.எஸ். என்றால் டிரெய்லர் இழுக்கும் வண்டி. கொட்டும் வண்டியை ஜெர்மானியர் ‘கிப்பர்’ என்பார்கள். அந்தக் ‘கே’தான் நம்மூர் ஜல்லி லாரியின் முகப்பில் இருக்கிறது.

உலகத்தில் எத்தனையோ வேக வண்டிகளின் பேட்ஜைப் படித்திருக்கிறேன். இந்த லாரி எண்ணைப்போல வாங்குபவருக்கு வேண்டிய இரண்டு தகவலையும் ஒரே மூச்சில் சொல்லும் பேட்ஜ் மிகக் குறைவு.

● டாடா ஏஸ் 2005-இல் வந்தபோது அதன் முதுகில் கம்பெனி எழுதிய பெயரை இங்கே யாரும் சொல்லவில்லை. இரண்டே சிலிண்டர், 702 சி.சி. டீசல். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அது இழுத்த சுமையைப் பார்த்துவிட்டு ஜனங்கள் ‘குட்டி யானை’ என்றார்கள். பின்னால் வந்த போட்டிக் கம்பெனி வண்டிகளும் பேச்சில் குட்டி யானைகளாகிவிட்டன.

● அமெரிக்காவில் 1960-களின் நடுவில் ஒரு வகைக் கார் கிளம்பியது. நடுத்தர அளவு உடம்பு, அதற்குள் பெரிய காருக்கான எட்டு சிலிண்டர் இன்ஜின், இளைஞர் கையில் இருக்கும் பணத்துக்கு எட்டும் விலை. மசில் கார் என்று பின்னாளில் பெயர் பெற்றவை இவைதான். பேட்ஜ் படிக்கும் பழக்கம் உலகத்துக்கு வந்ததில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலம் என்பதால் நம் நாட்டுச் சாலைகளில் இவை அனேகமாக ஓடவில்லை.

அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 1964-இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் 4-4-2. முதல் 4, கார்புரேட்டரின் நான்கு வாய்கள். இரண்டாவது 4, கையால் போடும் நான்கு கியர்கள். கடைசி 2, பின்னால் நீளும் இரட்டை சைலன்ஸர் குழாய்கள். பானட்டைத் திறக்காமலே வண்டியின் உள்விவரம் தெரிந்துவிடும். அடுத்த ஆண்டே இன்ஜின் 400 கன அங்குலமாக வளர்ந்து, முதல் 4 அதைக் குறிக்கிறது என்று கம்பெனியே விளக்கத்தை மாற்றிக்கொண்டது. ஒரு பேட்ஜின் பொருள் ஒரே வருடத்தில் எப்படி நழுவும் என்பதற்கு இது சான்று.

● அதே 1964-இல் போண்டியாக் கம்பெனி ஜி.டி.ஓ. என்ற மூன்று எழுத்தை ஒட்டி ஒரு வண்டியை விட்டது. இந்த எழுத்துகளின் கதை கொஞ்சம் நீளம்.

ஜி.டி.ஓ. என்பது இத்தாலியச் சொற்களின் சுருக்கம்: ‘கிரான் துரிஸ்மோ ஒமோலகாத்தோ’. நெடுந்தூரம் ஓடும் கார், பந்தயச் சங்கம் அங்கீகரித்தது என்று அர்த்தம். 1962-இல் ஃபெராரி தன் 250 ஜி.டி.ஓ. காருக்கு வைத்த பெயர் இது. அந்த 250 மொத்த சி.சி. அல்ல, ஒரு சிலிண்டரின் சி.சி. பன்னிரண்டு சிலிண்டருக்கும் பெருக்கினால் 3,000 வரும். அங்கீகாரத்துக்கு 100 வண்டிகள் செய்திருக்க வேண்டும் என்பது விதி. ஃபெராரி செய்தது 36-தான். பழைய மாடலின் மேம்பாடு என்று காட்டி அங்கீகாரம் வாங்கினார்கள்.

போண்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டெலோரியன் அந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டார். எந்தப் பந்தயச் சங்கமும் அவருடைய வண்டியை அங்கீகரித்திருக்கவில்லை. இன்னும் ஒரு தடையும் இருந்தது: நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்பது தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் உள் விதி. ஆகவே ஜி.டி.ஓ.வைத் தனி மாடலாக அறிவிக்காமல், டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்குக் கூடுதல் காசு கொடுத்தால் கிடைக்கும் ‘ஆப்ஷன்’ என்று விலைப்பட்டியலில் சேர்த்தார்கள். அதில் 389 கன அங்குல இன்ஜின் இருந்தது. ஐயாயிரம் விற்றால் பெரிது என்று நினைத்தவர்கள் முதல் ஆண்டில் 32,450 வண்டி விற்றார்கள்.

வண்டியின் பக்கவாட்டில் இன்னொரு பேட்ஜும் இருந்தது: ‘6.5 லிட்டர்’. ஒரு கன அங்குலம் என்பது 16.387 சி.சி. பெருக்கிப் பாருங்கள், 389 கன அங்குலம் 6.4 லிட்டரைக்கூட முழுதாக எட்டாது. ஆக, எழுத்தும் இரவல், எண்ணும் மிகை. வண்டி மட்டும் உண்மையிலேயே வேகமாக ஓடியது. அதனால்தான் அந்தப் பெயர் பிழைத்தது.

● எஸ்.எஸ். என்றால் ‘சூப்பர் ஸ்போர்ட்’. 1961-இல் செவ்ரோலே இம்பாலாவில் முதலில் வந்தது. ஆர்/டி என்றால் ‘ரோடு, டிராக்’. வீதிக்கும் பந்தயத்துக்கும் ஒரே வண்டி என்பது 1967-இல் டாட்ஜ் கம்பெனியின் வாக்கு.

நம் மாருதி 800-இன் முதல் வடிவத்தையும் ரசிகர்கள் எஸ்.எஸ்.80 என்பார்கள். 1983 டிசம்பரில் வந்த 796 சி.சி. வண்டி அது. இந்த எஸ்.எஸ். சுசுகியின் மாடல் குறியீடு. அமெரிக்க எஸ்.எஸ்-க்கும் இதற்கும் உறவில்லை.

● இஸட்/28 என்ற செவ்ரோலே கமேரோ பேட்ஜுக்கு அர்த்தமே கிடையாது! ஆர்டர் படிவத்தில் ஆப்ஷன்களுக்குக் கொடுத்திருந்த வரிசை எண் அது. இஸட்27 எஸ்.எஸ். பொட்டலம், அடுத்து வந்தது இஸட்28. ஆனால் அந்த வரிசை எண்ணுக்குள் இருந்த வேலை அசாதாரணமானது. டிரான்ஸ்–ஆம் என்ற அமெரிக்கக் கார்ப் பந்தயத்தில் இன்ஜின் 5 லிட்டரைத் தாண்டக் கூடாது. கம்பெனியிடம் கைவசம் 327 கன அங்குல பிளாக்கும் 283 கன அங்குல இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டும் இருந்தன. இரண்டையும் சேர்த்தார்கள். 302 கன அங்குலம் வந்தது, 4.9 லிட்டருக்குச் சற்று மேல். விதிக்குள் மயிரிழையில் நின்றது. 1967-இல் விற்றது 602 வண்டிதான். இன்று உலகம் முழுக்க அந்த வரிசை எண்ணைத் தெரியாத கார் பிரியர் இல்லை. பெயருக்குப் பொருள் வேண்டும் என்பதில்லை; பொருள் வண்டிக்குள் இருந்தால் போதும் என்பதற்கு நான் காட்டும் உதாரணம் இதுதான்.

● அந்த இஸட்/28-க்குக் கம்பெனி அறிவித்த சக்தி 290 குதிரைத்திறன். உண்மையில் அதைவிட நன்றாகவே கூடுதல் என்பது அளந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டது. இன்சூரன்ஸ் கம்பெனிகளும் தலைமை அலுவலகமும் முகம் சுளிக்காமலிருக்கக் குறைத்துச் சொன்னார்கள். வேறு பல வண்டிகளில் நேர்மாறு: ஃபேன், ஆல்டர்னேட்டர், சைலன்ஸர் எதையும் மாட்டாமல் வெறும் இன்ஜினை மேசையில் ஓட்டி எடுத்த பெரிய எண். 1972-இல் அமெரிக்கக் கம்பெனிகள் எல்லாம் மாட்டிய நிலையில் அளக்கும் முறைக்கு மாறின. ஒரே இன்ஜினின் எண் ஒரே இரவில் கீழே இறங்கியது. பழைய வண்டியின் குதிரைத்திறனைப் புதிய வண்டியோடு ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

● நம் நாட்டு மசில் கார் என்று ரசிகர்கள் கொண்டாடுவது ஹிந்துஸ்தான் கான்டெஸா. நீண்ட பானட், நான்கு வட்ட விளக்கு, அகன்ற தோள். இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர் காரின் அச்சை வாங்கி 1984-இல் கொண்டுவந்தார்கள். உடம்பைப் பார்த்தவர்களுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பானட்டைத் திறந்தால் உள்ளே அம்பாஸடரின் 1,489 சி.சி. இன்ஜின், சுமார் 50 குதிரைத்திறன். அவ்வளவு கனமான வண்டிக்கு அது போதவே போதாது.

அந்த வண்டியை மீட்டது ஒரு சின்ன பேட்ஜ்: ‘1.8 ஜி.எல்.’ ஜப்பானின் இசுஸு கம்பெனி இன்ஜின், 1,817 சி.சி., ஐந்து கியர். இழுவையில் இது வேறு வண்டி. பழைய கான்டெஸா தேடுகிறவர்கள் இன்றும் முதலில் கேட்பது பெட்ரோல் 1.8-தானா என்பதைத்தான். அம்பாஸடருக்கும் அதே இன்ஜின் பின்னர் வந்தது. முதுகில் ‘1800 ஐ.எஸ்.இஸட்.’ என்றிருக்கும். இசுஸுவின் சுருக்கம் அது. கான்டெஸா 2002-இல் நின்றுபோனது.

● பிரீமியர் 118 என்.இ. காரில் என்.இ. என்பது ‘நிஸான் இன்ஜின்’. 1985-இல் வந்தபோது அதன் உடம்பு ஃபியட் 124-இன் உடம்பு, இதயம் மட்டும் 1,171 சி.சி. நிஸான். பத்மினியின் 1,089 சி.சி. இன்ஜினை ஓட்டிப் பழகியவர்களுக்கு அந்த இரண்டெழுத்தின் மதிப்பு நன்றாகத் தெரிந்தது. என்ன மாற்றினோம் என்பதை அப்படியே முதுகில் எழுதிய நேர்மையான பேட்ஜ்.

● சென்னை பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி செய்த ‘ஸ்டாண்டர்டு 2000’ நினைவிருக்கிறதா? 1985-இல் வந்தது. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரின் உடம்பு அது. கூரான மூக்கு, சரிந்த முதுகு, அந்தக் காலத்துச் சென்னைக்கு அதிசயமான தோற்றம். இங்கிலாந்தில் இதே உடம்பு ‘3500’ என்ற பேட்ஜுடன் எட்டு சிலிண்டர் 3.5 லிட்டர் இன்ஜினோடு ஓடியது. இங்கே போட்டது பழைய வேன்கார்டு காலத்து 1,991 சி.சி. இன்ஜின். ‘2000’ என்ற பேட்ஜில் பொய் இல்லை, சி.சி.யை ஒழுங்காகத்தான் சொன்னது. ஆனால் கொடுத்த விலைக்கும் பார்த்த உடம்புக்கும் ஓடிய ஓட்டம் பொருந்தவில்லை. 1988-க்குள் முடிந்துபோனது. இந்தக் கார் தோற்றதில் எனக்கு வருத்தம் உண்டு. தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய கார் செய்து காட்ட வேண்டும் என்ற ஆசை அதில் இருந்தது.

● பைக்குக்கு வருவோம். பழைய புல்லட் 350-இல் இருந்தது 346 சி.சி. ஆர்.எக்ஸ்.100-இல் 98. இன்டர்செப்டர் 650-இல் 648. இவையெல்லாம் முழு எண்ணாக்கிச் சொன்ன பெயர்கள், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் கே.டி.எம். 390 டியூக்? 2013-இல் வந்தபோது அதில் இருந்தது 373 சி.சி. பிறகு புதிய தலைமுறையில் இன்ஜின் 399 ஆனது. பேட்ஜ் அப்போதும் 390! முதலில் மிகைத்துச் சொன்ன எண், பின்னால் குறைத்துச் சொல்லும் எண்ணாகிவிட்டது.

● 1980-களில் எஸ்கார்ட்ஸ் கம்பெனி விற்ற ராஜ்தூத் 350, ஜப்பானின் யமஹா ஆர்.டி.350-இன் இந்திய வடிவம். ஆர்.டி. என்பதைப் ‘பந்தயத்தில் உருவானது’ என்று படிப்பார்கள். இங்கே இது இரண்டு விதமாக வந்தது: ஹெச்.டி., எல்.டி. ‘ஹை டார்க்’ வண்டியில் 30.5 குதிரைத்திறன், ‘லோ டார்க்’ வண்டியில் 27. பெட்ரோல் குடிக்கிறது என்ற புலம்பலைக் கேட்டுச் செய்த எல்.டி.யும் புலம்பலைத் தீர்க்கவில்லை. இன்று பழைய வண்டிச் சந்தையில் இந்த இரண்டெழுத்துக்குத்தான் விலை வித்தியாசம்.

● ஓசூரில் டி.வி.எஸ். செய்யும் அப்பாச்சியின் ‘ஆர்.டி.ஆர்.’ என்பது ‘ரேசிங் திராட்டில் ரெஸ்பான்ஸ்’. கையை முறுக்கியதும் வண்டி பந்தய வண்டிபோலப் பாய வேண்டும் என்பது அர்த்தம். 2007-இல் அப்பாச்சி 160-இல் வந்தது. டி.வி.எஸ். கம்பெனி 1980-களின் தொடக்கத்திலிருந்தே சொந்தப் பந்தய அணி வைத்திருக்கிறது என்பதால் இந்தப் பேட்ஜை ஒட்ட அதற்கு உரிமை இருக்கிறது.

● ஒரு பைக் பேட்ஜுக்காக உச்ச நீதிமன்றம்வரை வழக்கு நடந்தது தெரியுமா?

பஜாஜ் பல்சரில் 2003 முதல் ‘டி.டி.எஸ்.–ஐ’ என்ற பேட்ஜ் வந்தது. ‘டிஜிட்டல் ட்வின் ஸ்பார்க் இக்னிஷன்’. வழக்கமாக ஒரு சிலிண்டருக்கு ஒரு ஸ்பார்க் பிளக். இதில் இரண்டு. இரண்டு மூலையிலிருந்தும் தீ கிளம்பினால் அது ஓட வேண்டிய தூரம் பாதியாகிறது, பெட்ரோல் சீக்கிரமும் முழுமையாகவும் எரிகிறது. மைலேஜும் வேகமும் கூடுவது அதனால்தான். சின்ன இன்ஜினில் இதைச் செய்ததற்காக பஜாஜ் காப்புரிமை பெற்றது.

2007 இறுதியில் டி.வி.எஸ். நிறுவனம் ஃபிளேம் என்ற 125 சி.சி. பைக்கை அறிமுகப்படுத்தியது. அதன் பேட்ஜ் ‘சி.சி.–வி.டி.ஐ.’. மூன்று வால்வு, இரண்டு பிளக். எங்கள் காப்புரிமையை மீறிவிட்டார்கள் என்றது பஜாஜ்; எங்களுடையது வேறு தொழில்நுட்பம் என்றது டி.வி.எஸ். சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி 2008-இல் தடை விதித்தார். டி.வி.எஸ். ஒற்றை பிளக் வைத்து வண்டியை விற்றது. 2009-இல் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விற்பனைக்குத் தடையில்லை என்று சொல்லி, காப்புரிமை, வர்த்தகச் சின்ன வழக்குகளை நாள்தோறும் விசாரித்து நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று எல்லா நீதிமன்றங்களுக்கும் சேர்த்து உத்தரவிட்டது. இரண்டு கம்பெனிகளும் சமரசமானது 2019-இல். அதற்குள் ஃபிளேம் சந்தையிலிருந்தே போய்விட்டது.

● மாருதி கார்களில் எல், வி, இஸட் என்பவை வசதிப் படிகள். எல் கீழ்ப்படி, இஸட் மேல்படி. கடைசியில் வரும் ‘ஐ’ பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்ஷன் முறையைக் குறிக்கிறது. நடுவில் ‘டி’ வந்தால் டீசல். கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்த 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ‘எம்.பி.எஃப்.ஐ.’ என்ற ஸ்டிக்கர் பின்கண்ணாடியில் இருப்பதே பெருமை. இன்று எந்தப் புதிய பெட்ரோல் காரிலும் கார்புரேட்டர் கிடையாது. சொல்லவேண்டிய தேவை போனபின்னும் அந்த ‘ஐ’ ஒட்டிக்கொண்டே வருகிறது.

● கோவையில் நெசவாலைக் குடும்பத்தைச் சேர்ந்த சுந்தரம் கரிவர்தன், மாருதி 800 இன்ஜினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். ‘ஃபார்முலா மாருதி’ என்பது ஜனங்கள் சொன்ன பெயர். முறையான பெயர் ‘ஃபிஸ்மி’: ‘ஃபார்முலா இந்தியா சிங்கிள் சீட்டர் மாருதி இன்ஜின்’. வீட்டு உபயோகக் காரின் 796 சி.சி. இன்ஜினில் பந்தயம் பழகலாம் என்று அவர் காட்டியதால், லட்சக்கணக்கில் செலவழிக்க முடியாத பையன்களுக்கும் கதவு திறந்தது. கோவையின் நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டிய வண்டி இந்த வகைதான். 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீடுவே அவர் பெயரைத் தாங்கியது. அவிநாசிபாளையத்துப் பையன்கள் பல்லடம் வழியாகக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

இந்தப் பேட்ஜ்களிலெல்லாம் எது பெரியது என்று கேட்டால் நான் ஃபிஸ்மியைத்தான் சொல்வேன்.

● 1980-களின் ஃபோர்டு மஸ்டாங்கில் ‘5.0’ என்ற பேட்ஜ் புகழ்பெற்றது. 302 கன அங்குலம். சரியாகக் கணக்கிட்டால் 4.9 லிட்டர். 2016-இல் இந்தியாவில் இறக்குமதியாகி விற்ற மஸ்டாங் ஜி.டி.யின் இன்ஜின் 4,951 சி.சி. இதை முழுதாக்கினால் 5.0 வரும். ஒரு சில சி.சி. வித்தியாசத்தில் ஒரு பழைய பொய் உண்மையாகிவிட்டது.

பி.எம்.டபிள்யூவில் இதற்கு எதிர்த்திசைப் பயணம். ஒரு காலத்தில் 330ஐ என்றால் 3 வரிசைக் கார், 3.0 லிட்டர் பெட்ரோல். இப்போது 330ஐ காரில் இருப்பது 1,998 சி.சி. டர்போ. எண் இப்போது வேகத்தின் தரவரிசையைச் சொல்கிறது, சி.சி.யைச் சொல்வதில்லை.

● ஹூண்டாயின் ‘என்’ பேட்ஜ் இரண்டு ஊர்களைக் குறிக்கும்: கொரியாவில் அதன் ஆராய்ச்சிக்கூடம் இருக்கும் நம்யாங், ஜெர்மனியில் கார்களைச் சோதிக்கும் நூர்பர்க்ரிங். இங்கே 2021-இல் வந்த ஐ20-இல் ஒட்டியிருப்பது ‘என் லைன்’. அந்த ‘லைன்’ என்ற சொல் முக்கியம். சஸ்பென்ஷன், ஸ்டியரிங், சைலன்ஸர் சத்தம் எல்லாம் மாறும். இன்ஜின் அப்போதைய சாதாரண ஐ20 டர்போவின் அதே 1 லிட்டர்தான். முழு ‘என்’ வண்டியின் இன்ஜின் வேறு. ஷோரூமில் கூடுதல் பணம் கட்டுமுன் இந்த ஒரு சொல்லை விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

● பெயருக்கும் காசு உண்டு. 1968-இல் பிளைமவுத் கம்பெனி தன் காருக்கு ‘ரோடு ரன்னர்’ என்று கார்ட்டூன் பறவையின் பெயரை வைக்க வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்தது. ஹாரனும் அந்தப் பறவைபோலவே கத்தியது. போண்டியாக் ‘டிரான்ஸ் ஆம்’ என்ற பந்தயப் பெயரைப் பயன்படுத்த, விற்கும் ஒவ்வொரு காருக்கும் 5 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

திருப்பூருக்கு இதில் நேரடிப் பாடம் இருக்கிறது. ஓடும் குதிரை, பாம்பு, எஸ்.எஸ். எழுத்து என்று டி–சர்ட் நெஞ்சில் அச்சிடும் ஒவ்வொரு கார் சின்னத்துக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. பையர் வடிவம் கொடுத்தார், நாங்கள் பிரின்ட் போட்டோம் என்ற பதில் மட்டும் நீதிமன்றத்தில் போதாது. 1999-ஆம் ஆண்டு வர்த்தகச் சின்னச் சட்டப்படி போலிச் சின்னம் இடுவதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதம். லைசென்ஸ் கடிதத்தின் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு ஸ்கிரீன் தயாரியுங்கள்.

● அமெரிக்காவில் பழைய மசில் கார்களின் விலை ஏறிய பிறகு போலிகளும் பெருகின. சாதாரண செவ்ரோலே செவெல் காரில் எஸ்.எஸ். பேட்ஜை மாட்டினால் விலை எங்கேயோ போய்விடும். 1970 செவெலின் சேசிஸ் எண்ணைப் பார்த்து அது அசல் எஸ்.எஸ்-தானா என்று சொல்லவே முடியாது. தொழிற்சாலையில் வண்டியோடு வைத்த பழைய தாள் இருந்தால்தான் உண்டு. கிறைஸ்லர் வண்டிகள் இந்த விஷயத்தில் தேவலை. 1970, 1971-ஆம் ஆண்டு வண்டியில் சேசிஸ் எண்ணின் ஐந்தாவது எழுத்து ‘ஆர்’ என்றிருந்தால் 426 ஹெமி இன்ஜினோடு பிறந்தது. எரியறை அரைக்கோள வடிவில் இருப்பதால் வந்த பெயர் ஹெமி. வால்வுகளைப் பெரிதாக வைக்க அந்த வடிவம் இடம் கொடுத்தது.

● நம்மூரிலும் இதே வேலை நடக்கிறது, சிறிய அளவில். எல்.எக்ஸ்.ஐ. காரில் வி.எக்ஸ்.ஐ. மோனோகிராம் ஏறிவிடும். சாதாரண வண்டியில் ‘டர்போ’ மின்னும். பனியன் வாங்க வருகிறவர் லேபிளை நம்புவதில்லை; துணியை வட்டமாக வெட்டித் தராசில் வைத்து ஜி.எஸ்.எம். பார்க்கிறார். காருக்கும் அந்த ஜி.எஸ்.எம். தராசு இருக்கிறது, அதுவும் இலவசமாக.

முதலில் ஆர்.சி. அதில் மாடல் பெயர், சி.சி., எரிபொருள், சேசிஸ் எண், இன்ஜின் எண் எல்லாம் இருக்கும். அடுத்து முன்கண்ணாடியில் இருக்க வேண்டிய ஹோலோகிராம் ஸ்டிக்கர்: பெட்ரோல், சி.என்.ஜி. வண்டிக்கு வெளிர் நீலம், டீசலுக்கு ஆரஞ்சு. டெல்லிக் காற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்ன ஏற்பாடு இது. பின்பு சேசிஸ் எண்ணின் முதல் மூன்று எழுத்து. எம்.ஏ.3 மாருதி, எம்.ஏ.எல். ஹூண்டாய், எம்.ஏ.டி. டாடா, பைக்கில் எம்.டி.2 பஜாஜ், எம்.டி.6 டி.வி.எஸ்., எம்.இ.3 ராயல் என்ஃபீல்டு.

மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு பகல் வெளிச்சத்தில் போங்கள். உலோகத்தில் அடித்திருக்கும் எண்ணும் ஆர்.சி.யில் இருக்கும் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பதைப் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.